இராமநாதபுரம் கடலோர உழவர்கள், இயற்கை விவசாயம், அதை முன்மொழியும் அரசியல்வாதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடலோர விவசாயிகள் இயற்கை விவசாயத்தை ஆதரிக்கிறார்களா, எதிர்க்கிறார்களா?

தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, பெரியபட்டினம், ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் கரையோர ஊர்களில் இயற்கை விவசாயம் கெட்டது என்று சொல்பவரைக் காண்பது அரிது. மருந்து அடித்த மிளகாயை வீட்டுக்கு எடுத்துவைக்கத் தயங்குபவர்கள் அவர்களேதாம். குடும்பச் சாப்பாட்டுக்கென்று ஒரு மூலையில் உரம் போடாமல் சித்திரைகார் நெல் விதைத்து, அந்தச் சிவப்பரிசியைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்றும் உண்டு. ஆகவே கேள்வி கொள்கையைப் பற்றியது அன்று. இயற்கை முறைக்கு மாறும் காலத்தில் விளைச்சல் குறைந்தால் அந்த நட்டத்தை யார் ஏற்பது என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. மேடையில் இயற்கை விவசாயத்தைப் புகழும் எந்தக் கட்சிக்காரரும் இதற்கு நேராகப் பதில் சொல்லாத வரையில், அவருடைய பேச்சை மரியாதையோடு கேட்டுவிட்டு, அடுத்த நாள் காலையில் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியாவுக்கு வரிசையில் நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

இது வானம் பார்த்த பூமி. உரமும் குறைவாகத்தான் போடுகிறார்கள். அப்படியானால் மாறுவது எளிதுதானே?

வெளியூர் நண்பர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 820 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நாற்று விட்டு நடும் அளவுக்குத் தண்ணீர் இல்லாததால், ஆவணி, புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது இங்குள்ள வழக்கம். மழை எப்போது வரும், வந்தால் நிற்குமா என்று தெரியாத நிலத்தில் காசு போட்டு உரம் இறைக்க எவரும் துணியமாட்டார்கள் என்பதால், காவிரிப் படுகையோடு ஒப்பிட்டால் இங்கு நெல்லுக்குப் போகும் உரம் குறைவு என்பது உண்மையே.

ஆனால் புழுதி விதைப்பில் உரத்தைவிடப் பெரிய சிக்கல் களை. நடவு வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரே பாதிக் களையை அமுக்கிவிடும். இங்கோ முதல் மழைக்கு நெல்லும் புல்லும் ஒன்றாக முளைக்கின்றன. முளைத்த இருபது நாளில் வயலுக்குள் இறங்கிப் பார்த்தால் குதிரைவாலிப் புல்லும் நெற்பயிரும் ஒரே பச்சையில், ஒரே உயரத்தில் நிற்கும். குத்தவைத்து உட்கார்ந்து, தாளின் அடியைத் திருப்பி, இலை தாளோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு இருக்கும் மெல்லிய நாக்கு இருக்கிறதா இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துப் பிடுங்குகிற பெண்களால்தான் அதைப் பிரிக்க முடியும். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த தலைமுறைப் பெண்கள் நகரத்து ஜவுளிக்கடைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போய்விட்டார்கள். களைக்கொல்லி தெளிப்பவர் மண்ணை வெறுப்பவர் அல்லர். நான்கு ஏக்கருக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காதவர். இயற்கை விவசாயத்தைப் பற்றிய அரசியல் பேச்சுகளில் பசு வருகிறது, மண்புழு வருகிறது, ஆனால் களையெடுக்கும் பெண்ணின் கூலி வருவதே இல்லை. கடலோர விவசாயிக்கு அந்தப் பேச்சு அந்நியமாகப் படுவதற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முண்டு மிளகாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு மருந்து?

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையான, தடித்த தோலுள்ள, கடுஞ்சிவப்பான இந்த வத்தல்தான் இங்குள்ள பல குடும்பங்கள் கையில் ரொக்கம் பார்க்கும் ஒரே வழி. நெல் வீட்டுக்கு, மிளகாய் கல்யாணச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் என்பது கணக்கு. ஆகவே நெல்லில் துணிந்து சோதனை செய்பவர்கூட மிளகாயில் செய்யமாட்டார். இலைப்பேன் தாக்கி இலை மேல்நோக்கிச் சுருண்டால் பத்து நாளில் கொல்லை முழுவதும் குருடாகிவிடும். பழ அழுகல் வந்தால் வத்தலில் வெளுப்பு விழுந்து, தரகுக் கடையில் வெள்ளை வத்தல் என்று ஒதுக்கிவிடுவார்கள். மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்க்கும் வியாபாரி பார்ப்பது நிறம், காம்பு, காய்ந்திருக்கும் பதம் ஆகிய மூன்றையும்தான். மருந்தின் எச்சம் இருக்கிறதா என்பதை அந்தக் கையால் பார்க்க முடியாது. அதனால் மருந்து அடிக்காதவருக்கும் அடித்தவருக்கும் அங்கு ஒரே விலைதான், பார்வைக்கு அழகாக இருந்தால் அடித்தவருக்கே ஒரு படி மேல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டுக்கு வத்தல் அனுப்புபவர்கள் ஆய்வகத்தில் மருந்தின் எச்சத்தையும், ஈரத்தோடு குவித்த வத்தலில் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நச்சையும் சோதித்த பிறகே வாங்குகிறார்கள். அப்படி வாங்குபவர்கள் நேரடியாக ஊருக்கு வந்து விலை பேசினால் இயற்கை முறை மிளகாய் ஓராண்டிலேயே பரவும். எனவே அரசியல்வாதி ஒருவர் இந்தக் கரைக்கு வந்து உண்மையாகவே ஏதாவது செய்ய விரும்பினால், நெல்லைவிட மிளகாயில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. நஞ்சு அதிகம் போவதும் அங்கேதான், நல்ல விலைக்கு வழியிருப்பதும் அங்கேதான்.

எந்த அரசியல்வாதிகள், என்னென்ன சொல்லியிருக்கிறார்கள்?

கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தமது நிதிநிலை அறிக்கை உரையில் செலவில்லா இயற்கை விவசாயத்தைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் மோடி இரசாயன உரத்தைப் படிப்படியாகக் குறைக்குமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார். 2024 நவம்பரில் இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வைக்கப்படுகிறது. முதலாவது அறிக்கையிலேயே, மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் இடம்பெற்றது. 2023 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாடு உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டார். பாட்டாளி மக்கள் கட்சி வேளாண் நிழல் நிதிநிலை அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. நாம் தமிழர் கட்சியின் சீமான் விவசாயத்தை அரசுப் பணியாக்குவோம் என்கிறார்.

இத்தனை பேர் ஒரே திசையில் பேசுவது நல்லதே. ஒரு தலைமுறைக்கு முன்னால் வேளாண் அதிகாரிகள் வயலுக்கு வந்து உர மூட்டையைத் திணித்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம்.

"ஓர் ஏக்கரில் ஒரு பருவம் செய்து பாருங்கள்" என்ற யோசனை இங்கு பொருந்துமா?

2025 நவம்பரில் கோயம்புத்தூரில் நடந்த தென்னிந்திய இயற்கை வேளாண்மை மாநாட்டில் பிரதமர் இந்த யோசனையை முன்வைத்தார். ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்கும் இடத்தில் இது நியாயமான, அடக்கமான வேண்டுகோள். ஒரு பருவம் கைவிட்டால் அடுத்த பருவத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இந்தக் கரையில் ஒரு பருவம் என்பது ஓராண்டு. தை, மாசியில் அறுத்தால் அதற்குப் பிறகு அடுத்த புரட்டாசி வரை நிலம் சும்மா கிடக்கும். மொத்தமே இரண்டு ஏக்கர் உள்ளவருக்கு ஓர் ஏக்கர் என்பது குடும்பத்தின் பாதிச் சோறு. அவர் அரை ஏக்கருக்குக் கீழே, பத்து சென்ட், இருபது சென்ட்டில் செய்து பார்க்கலாம். உண்மையில் அப்படித்தான் சிலர் செய்தும் வருகிறார்கள். ஆனால் பலருடைய நிலத்தை ஒரு தொகுப்பாகப் பதிவு செய்யச் சொல்லும் எந்த அரசுத் திட்டமும் இருபது சென்ட் விளைச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை.

அரசு தரும் உதவி எவ்வளவு? அது யாருக்குக் கிடைக்கிறது?

மத்திய அரசின் பரம்பராகத் கிரிஷி விகாஸ் திட்டம் 2015-16 முதல் நடப்பில் உள்ளது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து நிலத்தைத் தொகுப்பாகப் பதிவு செய்தால், ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்படும் 31,500 ரூபாயில், இடுபொருளுக்கென 15,000 ரூபாய்தான் வங்கிக் கணக்குக்கு வரும். ஏக்கராக்கி, ஆண்டாக்கிப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம். களையெடுப்புக் கூலியின் ஒரு பகுதிக்கே இது காணும்.

தொகையைவிடப் பெரிய தடை ஆவணம். சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கின்றனவோ அவருக்குத்தான் உதவி. இந்த மாவட்டத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். உழுது விதைப்பவர் வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரராக இருப்பார். குத்தகை ஆண்டுக்காண்டு பேசப்படுவது. மூன்றாண்டு பாடுபட்டு மண்ணை வளமாக்கினால், வளமான பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம் குத்தகைக்காரருக்கு இருக்கிறது, அந்த அச்சம் நியாயமானதும்கூட. நில உரிமையைத் தொடாமல் மண்வளத்தைப் பற்றி மட்டும் பேசும் எந்தத் திட்டமும் இங்கே பாதித் தூரம்தான் போகும்.

ஒரு நாட்டு மாடு இருந்தால் போதும் என்கிறார்களே?

சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறையில், ஏக்கருக்கு ஒரு முறை தெளிக்க 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, கைப்பிடி மண் கலந்து ஜீவாமிர்தம் தயாரிக்கிறார்கள். இதை நுண்ணுயிர்களைத் தூண்டும் ஊக்கியாகப் பார்த்தால் சரி. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து முழுவதும் இதிலிருந்தே வந்துவிடும் என்று மேடையில் சொல்லும்போதுதான் விவசாயி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கணக்கு எளிது: 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து உண்டு. நல்ல தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கும், ஆகவே அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக நான்கு டன் தொழுவுரம் வேண்டும். டிராக்டர் வந்து உழவுமாடுகள் போன பிறகு, நான்கு டன் குப்பை எந்தத் தொழுவத்தில் இருக்கிறது? அதோடு, நிலத்தடி நீர் உப்பாகி, குடிநீரையே குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் அந்த 200 லிட்டர் நல்ல தண்ணீரும் செலவுக் கணக்கில் சேரும்.

ஆனால் இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு வழி இருக்கிறது. கோமாதாவைப் பற்றிப் பேசும் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அது ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்ததும் கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நிலத்துக்காரர் கூலி பேசி, மந்தையை இரவில் வயலில் அடைக்கச் சொல்வார். வலையைக் கம்புகளில் கட்டி வளைத்து, நூற்றுக்கணக்கான ஆடுகளை உள்ளே விட்டால், புழுக்கையும் மூத்திரமும் குளம்பில் மிதிபட்டு மண்ணோடு சேர்ந்துவிடும். மறுநாள் வலையைப் பிடுங்கி அடுத்த துண்டில் கட்டுவார்கள். இப்படியே வயல் முழுவதும் நகர்ந்து முடித்த பின், கோடை மழைக்கு ஓர் உழவு போட்டால் போதும். சுமைகூலி இல்லை, நொதிக்கவைக்கும் தொட்டி இல்லை, தண்ணீரும் வேண்டாம். இராமநாதபுரத்துக் கீதாரிகள் தஞ்சாவூர்ப் பக்கம் வரை மந்தை ஓட்டிப் போவது இதற்காகத்தான். இன்று மேய்ச்சல் நிலம் சுருங்கி, கண்மாய்க் கரை முழுவதும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு, அவர்கள் பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள். கிடைக் கூலிக்கு மானியம் என்று ஒரு வரி எந்த உயிர்ம வேளாண்மைத் திட்டத்திலாவது வருமானால், இந்தக் கரையில் அதைவிடப் பயனுள்ள வரி வேறு இருக்க முடியாது.

கண்மாய் வண்டலும் அப்படிப்பட்டதே. வண்டலை வயலுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தருகிறது. சிறு விவசாயிக்கு வண்டி வாடகைதான் இடிக்கிறது.

கடலிலிருந்து கிடைப்பவற்றை உரமாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துகிறார்கள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்து வடிக்கும் மீன் அமிலம் இங்கு கைவந்த சரக்கு. மண்டபம் பகுதியில் வளர்க்கப்படும் கடற்பாசியின் சாற்றைப் பயிர் ஊக்கியாக மாற்றும் முறையை மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது, அதன் நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. இரண்டும் தெளிப்பு ஊக்கிகள், அடியுரத்துக்கு மாற்று அல்ல.

இலங்கையில் நடந்ததை இங்குள்ளவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

மற்ற மாவட்டத்தார் செய்தித்தாளில் படித்ததை இவர்கள் கரையிலேயே பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் கோத்தபாய ராஜபக்ச அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடை அறிவித்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அந்த நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் பெரும்போகம் எனும் முக்கிய நெற்பருவத்துக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்நியச் செலாவணி வற்றியது, எரிபொருள் தட்டுப்பாடு, விலைவாசி என்று பல காரணங்கள் அந்த நெருக்கடிக்கு உண்டு, உரத் தடையை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. ஆயினும் 2022 மார்ச் முதல் பிள்ளைகுட்டிகளோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களைப் பார்த்தவர்களிடம், ஒரே உத்தரவில் நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்றிவிடலாம் என்று எவரும் சொல்ல முடியாது.

சிக்கிமை எடுத்துக்காட்டுபவர்களுக்கும் இதே பதில்தான். அங்கு 2003இல் முடிவெடுத்து, முழு இயற்கை மாநிலம் என்று 2016இல்தான் அறிவித்தார்கள். மழை வளமுள்ள மலை மாநிலமே பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

இயற்கை முறையில் விளைந்த நெல்லை யார் வாங்குகிறார்கள்?

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகமா பொது ரகமா, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எப்படி விளைந்தது என்பதற்கு அங்கே தனி விலை கிடையாது. சான்றிதழ் பெற்றுத் தனியாக விற்கலாமே என்றால், தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்து, பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டும் தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டும் மாறுகாலம், அதாவது இயற்கை முறைக்கு மாறிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் காலம், கடக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறைவு, விலையோ சாதாரண விலை. உதவி மிகவும் தேவைப்படும் காலம் அதுதான்.

பயிர்க் காப்பீட்டிலும் இதே நிலை. இழப்பீடு கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஊரில் எல்லோருக்கும் விளைந்து, மாறுகாலத்தில் உள்ள ஒருவருக்கு மட்டும் குறைந்தால் அவருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

நம்மாழ்வாரின் பெயரை எல்லாக் கட்சியினரும் சொல்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா?

தமிழ்நாட்டில் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று வெளியேறியவர். அதாவது அவருடைய கேள்விகள் நம் நிலத்தைப் போன்ற நிலத்தில் பிறந்தவை. 2013 டிசம்பர் 30 அன்று அவர் காலமானது மீத்தேன் திட்ட எதிர்ப்புப் பயணத்தில் இருந்தபோது. விதையும் உரமும் மட்டும் அவருடைய அக்கறை அல்ல, நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அவருடைய அக்கறை.

அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். வேளாண் நிலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்தபோது இராமநாதபுரம் அதில் சேர்க்கப்படவில்லை. 2025இல் இம்மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) சோதனைக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஓ.என்.ஜி.சி.க்கு அனுமதி கொடுத்தது வெளியே தெரிந்து, எதிர்ப்பு எழுந்த பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு கூறியது. இறால் பண்ணைகளால் உவர் ஏறிய வயல்கள் கரை நெடுகக் கிடக்கின்றன. ஒரு கையால் உயிர்ம வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டுவிட்டு மறு கையால் இப்படிப்பட்ட அனுமதிகளில் கையெழுத்திடும் ஆட்சி எதுவாக இருந்தாலும், அது மத்தியில் இருந்தாலும் மாநிலத்தில் இருந்தாலும், நம்மாழ்வாரின் பெயரைச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேச வரும் அரசியல்வாதியிடம் என்ன கேட்கலாம்?

ஊர்க் கூட்டங்களில் விவசாயிகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவையே போதும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று பெயரெடுத்த இராஜசிங்கமங்கலம் கண்மாய் தொடங்கி, நூறு ஏக்கர் பாயும் சின்னக் கண்மாய் வரை, வரத்துக் கால்வாயை எந்த ஆண்டுக்குள் தூர்வாரிக் கொடுப்பீர்கள் என்று கேட்கலாம். தண்ணீர் இரண்டு வாரம் கூடுதலாக நின்றாலே களை அடங்கும், களைக்கொல்லி தானாகக் குறையும். மாறுகாலத்தில் இருப்பவருக்குக் கிராமச் சராசரியைப் பாராமல் தனி வயல் கணக்கில் இழப்பீடு தருவீர்களா என்று கேட்கலாம். வாய்ப்பேச்சுக் குத்தகைக்காரரைக் கிராம நிர்வாக அலுவலர் சான்றோடு திட்டத்தில் சேர்ப்பீர்களா என்று கேட்கலாம். மிளகாய் ஏலம் நடக்கும் இடத்திலேயே மருந்தின் எச்சத்தைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று வைத்து, தேறிய மூட்டைக்குக் கூடுதல் விலையை அன்றே அறிவிக்க ஏற்பாடு செய்வீர்களா என்று கேட்கலாம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.